தோவாளை மாணிக்க மாலை: எங்கள் ஏட்டையாவுக்காக வாங்கியது

துணி எடுக்கப் போனால் நான் முதலில் உள்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பேன். முப்பது வருஷமாகத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து வந்த பழக்கம். தோவாளையிலிருந்து மூன்று மாணிக்க மாலைகள் வாழையிலையில் சுருட்டி வந்தபோதும், ஒன்றை எடுத்துத் திருப்பித்தான் பார்த்தேன். நார் எங்கும் பிசிறடிக்கவில்லை. முடிச்சுகள் கோடு போட்டதுபோல ஒரே வரிசையில் ஓடின. முன்பக்கம் வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் கட்டம் கட்டமாக, நடுவில் நொச்சி இலையின் பச்சை. பூக்கட்டு என்றே சொல்லத் தோன்றவில்லை, பாய் முடைந்ததுபோல அப்படி ஒரு நெருக்கம்.

இந்த மாலையை ஒரு கல்யாணத்துக்காகவோ கோவிலுக்காகவோ நாங்கள் வாங்கவில்லை. எங்கள் ஊர் ஸ்டேஷனில் வேலை பார்க்கும் மூன்று போலீஸ்காரர்களுக்குப் போடுவதற்காக வாங்கினோம். உங்கள் ஊரிலும் யாராவது இப்படிச் செய்ய நினைத்தால் உதவட்டும் என்று விலை, அளவு, நல்லது, குறை எல்லாவற்றையும் எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஏன் வாங்கினோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டம் தோவாளை தாலுகாவில், மலையடிவாரத்தில். அம்மாவுக்கு 81 வயது. மூன்று வருஷமாக ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. 2024 ஐப்பசியில், நல்ல மழை ராத்திரி ஒன்றில், நாங்கள் எல்லோரும் தூங்கிய பிறகு கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். போனதே எங்களுக்குத் தெரியாது. அதிகாலை நாலு மணிக்கு வாசலில் ஜீப் சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். போலீஸ் மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டு அம்மா பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். கையில் பாதி குடித்த சாயா டம்ளர். பக்கத்தில் முழுக்க நனைந்து போன ஏட்டையா.

நடந்ததை அவர் சுருக்கமாகத்தான் சொன்னார். மீதியை நான் ஜீப் ஓட்டியவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ரவுண்ட்ஸ் வந்தபோது ரெண்டரை மணிக்கு ஆரல்வாய்மொழி போகும் ரோட்டில் ஒரு பஸ் ஸ்டாப்பில் அம்மா தனியாக இருந்திருக்கிறார். பேர் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஊர் கேட்டால், செண்பகராமன்புதூர், அப்பா வயலுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். அது அம்மா பிறந்த ஊர். தாத்தா இறந்து நாற்பது வருஷம் ஆகிறது.

ஏட்டையா அவசரப்படவில்லை. ஜீப்பில் ஏறுங்கள் என்று கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை. லாரிக்காரர்களுக்காக விடிய விடியத் திறந்திருக்கும் கடையிலிருந்து சாயா வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, தாத்தாவின் வயல், மாடு, குளம் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். பேச்சு நடுவே இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அம்மாவே திறந்து காட்டினார். உள்ளே நாலு வெற்றிலை, பத்து ரூபாய் நோட்டு, ஒரு மாத்திரைக் கவர். கவரில் மெடிக்கல் கடையின் பேரும் போன் நம்பரும் அச்சடித்திருந்தது. மூன்று மணிக்குக் கடைக்காரரை எழுப்பி, "காது வடித்த பாட்டி, பச்சைச் சேலை" என்று அடையாளம் சொல்லியிருக்கிறார். "தைக்கிற அக்காவோட அம்மா" என்று அந்த அண்ணாச்சி தூக்கக் கலக்கத்திலேயே சொல்லிவிட்டார்.

எனக்கு ஒரு வார்த்தை திட்டு விழவில்லை. வயதானவரைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா என்று கேட்டிருந்தாலும் நியாயம்தான். மறுநாள் மத்தியானம் சாதாரண உடையில் வந்தார். கேட்டின் கொண்டி வெளியிலிருந்து விழுகிற மாதிரி மாற்றச் சொன்னார். அம்மாவின் ஜாக்கெட் உள்பக்கம் என் போன் நம்பரைத் தைத்துவிடச் சொன்னார். அன்றைக்கே பன்னிரண்டு ஜாக்கெட்டிலும் தைத்தேன். அதற்கப்புறம் அவர் இரவு ரோந்து வரும் நாட்களில் எங்கள் கேட்டின் கொண்டியை ஒருமுறை இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்கும்.

இவருக்கு என்ன செய்வது? பணமோ பொருளோ வாங்கமாட்டார், கொடுப்பதும் தப்பு. பொங்கலுக்கு முதலமைச்சரின் காவல் பதக்கம் இருக்கிறது, செப்டம்பர் 15 அண்ணா பிறந்தநாளுக்கு அண்ணா பதக்கம் இருக்கிறது. சாராய ஒழிப்பில் நல்ல வேலை செய்தவர்களுக்குக் குடியரசு தினத்தில் காந்தியடிகள் காவலர் விருது. குடியரசுத் தலைவர் பதக்கங்கள் வேறு. இவை எல்லாம் மேலிருந்து வருபவை, வர வேண்டியவைதான். ஆனால் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து ஒரு கிழவியின் கதையைக் கேட்டதற்குப் பதக்கம் எந்தப் பட்டியலில் வரும்? அதைத் தெருக்காரர்கள் நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் தெரு நலச் சங்கத்துக்கு நான் பொருளாளர். செப்டம்பர் 6-ஐக் காவலர் நாள் என்று அரசு 2025-இல் அறிவித்ததும், அன்றைக்கே வைத்துவிடலாம் என்று கூட்டத்தில் முடிவானது. 1859-இல் மதராஸ் மாவட்டக் காவல் சட்டம் வந்த நாள் அது. அப்போது நம் பக்கமெல்லாம் திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-இல்தான் நாம் மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்தோம். ஆனாலும் நாள் நல்ல நாள்தானே. ஏட்டையாவோடு இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தோம். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகளை நிறுத்தி வைத்து, பிள்ளைகளைக் கடக்க வைக்கும் பெண் காவலர் ஒருவர். 2021 நவம்பர் வெள்ளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் கயிறு பிடித்துக்கொண்டு மூன்று குடும்பங்களை வெளியே கொண்டுவந்த முதல் நிலைக் காவலர் ஒருவர்.

சங்கத்தில் முதலில் எல்லோரும் சொன்னது ஷீல்டும் பொன்னாடையும்தான். எனக்கு மனசு ஒப்பவில்லை. போன முறை ஓய்வு பெற்ற தபால்காரருக்கு ஷீல்டு வாங்கியபோது பேரில் ஒரு எழுத்தைத் தப்பாக வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். திருத்தித் தர நேரமில்லை, அதையே கொடுத்தோம். அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார், எனக்கு இன்னும் உறுத்துகிறது. பொன்னாடையோ பீரோவில் மடித்து வைத்ததோடு சரி.

இன்னொரு எண்ணமும் எனக்கு இருந்தது. 2020 ஜனவரி 8-ஆம் தேதி ராத்திரி, களியக்காவிளை சோதனைச்சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். இந்த மாவட்டத்தில் அந்தச் செய்தியை யாரும் மறக்கவில்லை. அவர் படத்துக்கு விழுந்த மாலைகளை டிவியில் பார்த்தபோது அழுதிருக்கிறேன். வருஷா வருஷம் அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாளிலும் இறந்தவர்களுக்குத்தான் மலர்வளையம். உயிரோடு நம் முன்னால் நிற்கிறவரின் கழுத்தில் நல்ல மாலை ஒன்று விழ வேண்டும், அதைப் பூவுக்குப் பேர்போன நம் தாலுகாவிலேயே கட்டியிருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். மாணிக்க மாலை என்று நான் சொன்னதும் தலைவர் ஒத்துக்கொண்டார்.

தோவாளை பூச்சந்தையை எல்லோருக்கும் தெரியும். மாணிக்க மாலை கட்டும் குடும்பங்கள் சந்தையை ஒட்டிய தெருக்களில் இருக்கிறார்கள். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோவிலுக்குப் போகிற மாலை இது. மாணிக்கக் கல் கோத்ததுபோல இருப்பதால் இந்தப் பேர் என்பார்கள். 2025-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாங்கள் ஆர்டர் கொடுத்த பெரியவரின் பேரை இங்கே போடவில்லை, ஒரு குறையும் சொல்லப்போகிறேன் என்பதால்.

ஆகஸ்ட் கடைசி வாரம் காலை ஆறு மணிக்குப் போனேன். நாள் தெரியாமல் போய்விட்டோம்: செப்டம்பர் 5 திருவோணம். கேரள வியாபாரிகள் வாடாமல்லியையும் கேந்தியையும் மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிச்சியும் மல்லியும் விலை கேட்கவே முடியவில்லை. பெரியவர் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து பூ மடித்துக்கொண்டிருந்தார். "ஓணத்துக்கு மறுநாளா கேக்குறீங்க? சேலத்துலேருந்து வர்ற அரளி இப்பம் அத்தப்பூவுக்கே பத்தாதே" என்றார். யாருக்கு என்று சொன்னேன். பஸ் ஸ்டாப் கதையையும் சொன்னேன். கையை நிறுத்திவிட்டுக் கேட்டார். "சரி, கட்டித் தாரேன். ராத்திரி உக்காந்தாவது கட்டித் தாரேன்" என்றார்.

அவர் கையை அரை மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்தேன். அரளி இதழை நுனி உள்ளே போகும்படி மடிக்கிறார். மடித்த பூ ஒரு சின்னப் பொத்தான் அளவுக்கு வருகிறது. அதை நாரில் வைத்து, அடுத்ததை அதன் விளிம்பு தொடும்படி வைத்து, ஒரு சுற்று. நாலு சிவப்பு, இரண்டு வெள்ளை, நொச்சி. கணக்கு வாய்க்குள்ளேயே ஓடுகிறது. பக்கத்தில் மருமகள் நொச்சி இலையை ஒரே அளவாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறார். ஒரு பூ மடிப்பு சரியாக விழாவிட்டால் எடுத்து எறிந்துவிடுகிறார், திரும்ப மடிப்பதில்லை. ஒரு மாலைக்கு நாலைந்து மணி நேரம் ஆகும் என்றார். துணியில் ஸ்மாக்கிங் (மடிப்புத் தையல்) போடுகிறவர்களுக்குத் தெரியும், எல்லா மடிப்பும் ஒரே ஆழத்தில் விழ எவ்வளவு கண் வேண்டும் என்று.

ஒரு மாலை 900 ரூபாய் பேசினோம், மூன்றுக்கு 2,700. ஓண நேரத்தில் பூ விலை ஏறியும் பேசிய விலைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. போலீஸ்காரர்கள் தொப்பியோடு உயரமாக நிற்பார்கள், மார்பில் பேர் பட்டையும் விசில் கயிறும் இருக்கும், மாலை நெஞ்சுக்குக் கீழே வந்து முடிந்தால் போதும் என்று அளவு சொன்னேன். டேப்பால் அளந்தே காட்டினேன்.

இனி குறை. மாலை சாயங்காலம் நாலு மணிக்கு வந்திருக்க வேண்டும், ஐந்தே காலுக்குத்தான் வந்தது. விழா ஐந்தரைக்கு. அந்த ஒன்றேகால் மணி நேரம் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. மூன்றில் ஒன்று நான் சொன்ன அளவைவிட நாலு விரல் குட்டை. பூ பற்றாக்குறை என்று பெரியவர் ஒளிக்காமல் சொன்னார். அதைப் பெண் காவலருக்கு வைத்துக்கொண்டோம், அவருக்குச் சரியாகவே இருந்தது. ஓணம், ஆடி வெள்ளி, தை முகூர்த்தம் போன்ற நாட்களைத் தவிர்த்து ஆர்டர் கொடுங்கள். முடியாவிட்டால் இரண்டு மணி நேரம் முன்கூட்டியே நேரம் சொல்லிவிடுங்கள். மற்றபடி வேலையில் நான் ஒரு தப்பும் பார்க்கவில்லை.

அனுமதி விஷயத்தைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. அரசு ஊழியர்களுக்கு நடத்தை விதிகள் உண்டு. பாராட்டு விழாவில் உட்காரவும் அன்பளிப்பு வாங்கவும் மேலே கேட்க வேண்டும். அதனால் எஸ்பி அலுவலகத்துக்கு முறைப்படி கடிதம் கொடுத்தோம். யாருக்கு, எதற்காக, என்ன தருகிறோம் என்று மூன்றையும் எழுதினோம். "பூமாலை மட்டும்" என்று எழுதியிருந்தது வேலையைச் சுலபமாக்கியது. கடிதத்தில் தேதி, இடம், நடந்தது எல்லாவற்றையும் எழுதுங்கள். "சிறப்பாகப் பணியாற்றினார்" என்ற ஒற்றை வரியால் யாருக்கும் பயனில்லை. நல்ல வேலைக்கு மேலதிகாரிகள் கொடுக்கும் ரிவார்டு அவர்களுடைய பணிப் பதிவேட்டில் ஏறும் என்று ஆய்வாளரே சொன்னார். நாம் எழுதுவது அதற்கு உதவினால் மாலையைவிடப் பெரிய விஷயம்.

விழா சமுதாயக் கூடத்தில். அந்த வாரம் ஓணம், மீலாது நபி என்று பந்தோபஸ்து ஓய்ந்தபாடில்லை, மூன்று பேருக்கும் கண் சிவந்திருந்தது. அரை மணி நேரம்தான் இருக்க முடியும் என்றார்கள். அதனால் தலைவர்கள் பேச்சை எல்லாம் வெட்டிவிட்டோம். மூன்று தாளில் நான் எழுதி வைத்திருந்ததை மட்டும் வாசித்தேன். ஏட்டையாவின் தாளை வாசிக்கும்போது, சுருக்குப் பைக்குள் இருந்த வெற்றிலை வரைக்கும் வாசித்தேன். அவர் தலை நிமிரவே இல்லை. தொப்பியை மடியில் வைத்து அதன் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

மாலை போடும்போது அவர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தார். நார் விசில் கயிற்றில் மாட்டிக்கொண்டது. ஊசியில் சிக்கிய நூலை எடுப்பதுபோல நானே பைய விடுவித்தேன். காக்கி மேல் அந்தச் சிவப்பும் வெள்ளையும் அப்படி எடுத்துக் கொடுத்தது. ரோஜா மாலை என்றால் தண்ணீர் சொட்டி சட்டையில் திட்டு விழும், இதழ் உதிரும், பாரத்தில் கழுத்து வளையும். இது நெஞ்சோடு தட்டையாகப் படிந்து நின்றது. ஒரு பூ உதிரவில்லை, ஒரு சொட்டு ஈரம் இல்லை. டியூட்டிக்குத் திரும்பிப் போகிறவர்களுக்கு இது முக்கியம். சட்டை மாற்ற அவர்களுக்கு நேரம் இருக்காது.

அம்மாவை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தேன். அந்த ராத்திரி அவருக்கு ஞாபகமில்லை. ஏட்டையாவையும் அடையாளம் தெரியவில்லை. ஆனால் மாணிக்க மாலையைப் பார்த்ததும் முகம் விரிந்தது. "கல்யாணமா மக்கா?" என்று கேட்டு, எழுந்து போய் மாலையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "சாப்பிட்டியா?" என்றார். ஏட்டையா, "சாப்பிட்டேம்மா" என்றார். அவர் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். மூன்று பேருக்கும் இட்லியும் ரசவடையும் கட்டிக் கொடுத்து அனுப்பினோம்.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். இந்த மாலை மறுநாள் சாயங்காலம் வரைக்கும் நிறம் மாறாமல் இருந்தது. வாழையிலையில் சுருட்டி நிழலில் வைத்தாலே போதும். அப்புறம், அரளி விஷம் உள்ள செடி. கேரளத்தில் 2024-இல் கோவில் நைவேத்தியத்தில் அரளியைச் சேர்க்க வேண்டாம் என்று திருவிதாங்கூர் தேவசம் போர்டே சொன்னது. கழுத்தில் போடுவதில் ஒன்றுமில்லை. ஆனால் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், வாடிய மாலையை ஆடு மாடு மேயும் இடத்தில் எறியாதீர்கள். நாங்கள் குழி தோண்டிப் புதைத்தோம்.

மாலையை ஏட்டையா வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஸ்டேஷன் வாசலில் இருக்கும் பிள்ளையாருக்குப் போட்டுவிட்டார். கிளம்பும்போது என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டது வேறு ஒன்று: "அந்தத் தாளை நான் வச்சுக்கிடலாமா?" என் கையெழுத்து அவ்வளவு நன்றாக இருக்காது, நடுவில் இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தியும் இருந்தேன். நல்ல தாளில் எழுதித் தருகிறேன் என்றேன். இதுவே போதும் என்று நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அடுத்த முறை மாலையோடு இந்தத் தாளையும் அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொடுப்பதாகச் சங்கத்தில் தீர்மானம் போட்டிருக்கிறோம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்று ஜாக்கெட் பாக்கி இருந்தது, தார்சாவில் விளக்குப் போட்டுக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். ரெண்டு மணி இருக்கும். பைக் சத்தம் தெருமுனைக் கோவிலில் நின்றது. ரோந்து வந்ததற்கு அடையாளமாக அங்கே வைத்திருக்கும் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிற நேரம். பிறகு எங்கள் வாசல் வரைக்கும் வந்து, கேட்டின் கொண்டியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போயிற்று.